மூன்று கருவிகளும் முதல் பக்கமும்

ஒரு காட்டில், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் பாறைக்குப் பக்கத்துக் குகையில், சடையப்பன் என்றொரு கரடி வாழ்ந்து வந்தார். காட்டிலேயே பெரிய வாசகர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயரை எப்படி எடுத்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்ததற்கெல்லாம் மின்கருவிகள் மேல் பழியைப் போட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகப் போய்விடுவீர்கள்.

சடையப்பன் ஊர்ப்பக்கம் போகும்போதெல்லாம் புத்தகம் வாங்கி வருவார். வாங்கியதைக் குகைச் சுவரோரம் அடுக்கிவைத்து, அட்டைகளைப் பாசமாகத் தடவிக்கொடுத்து, ‘மழைக்காலம் வரட்டும், உட்கார்ந்து வாசித்துவிடலாம்’ என்று சொல்லிக்கொள்வார். மழைக்காலம் வரும். கூடவே கரையானும் வரும். கரையான் புத்தகத்தைத் தின்னும். சடையப்பன் கரையானைத் தின்பார். கரடிக்குக் கரையான் என்றால் உயிர் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. அடுக்கு காலியானதும் மறுபடி ஊர்ப்பக்கம் கிளம்புவார். ஆக, வாங்கிய புத்தகங்கள் எல்லாம் சுற்றிவளைத்தாவது சடையப்பனுக்குள்தான் போய்ச் சேர்ந்தன. “இதையெல்லாம் வாசிச்சு முடிச்சிட்டீங்களா?” என்று யாராவது கேட்டால், காலி அடுக்கைக் காட்டி, “ஒண்ணாவது மிச்சம் இருக்கா, நீங்களே பாருங்க” என்பார். பார்த்தவர்கள் அசந்துபோவார்கள். உண்மையில் சடையப்பனுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு புத்தகத்தை வாங்கி, அடுக்கி, தடவி, பிரிந்து வருந்தியும் ஆயிற்று. இனி வாசிப்பது ஒன்றுதானே பாக்கி, அதைப் போய்ப் பெரிதாகச் சொல்ல வேண்டுமா என்று நினைப்பார்.

அதே காட்டில் செங்கமலம் என்றொரு மலை அணில் இருந்தாள். சொந்தக்காரர்கள் எல்லாம் பலாக்கொட்டை சேர்த்துக்கொண்டிருந்த வருஷங்களில் அவள் மட்டும் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். ‘ஒன்பதாம் தாவல்’ என்று பெயர். காகிதத்தில் அச்சடித்தால் கரையானுக்குத்தான் லாபம் என்று அதை மின்னூலாகவே கொண்டுவரத் தீர்மானித்தாள். கோப்பைச் சடையப்பனுக்கு அனுப்பிவிட்டு, மனசு கேட்காமல் நேரிலும் வந்தாள்.

“அண்ணே, காட்டுல வேற யாரும் வாசிக்கலேன்னாலும் எனக்குக் கவலையில்ல. நீங்க ஒருத்தர் முழுசா வாசிச்சிடணும். கடைசி அத்தியாயம் சரியா வந்திருக்கான்னு எனக்கே தெரியல. எத்தனையோ தடவை அழிச்சு அழிச்சு எழுதினேன். வெளியீட்டு விழாவுல நீங்கதான் பேசணும். கடைசி அத்தியாயம் தேறும்னு சொன்னீங்கன்னா அடுத்ததை எழுதுவேன். தேறாதுன்னா சொல்லிடுங்க, எங்க அக்கா கூடப் பலாக்கொட்டை பொறுக்கப் போயிடறேன்.”

சடையப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை பெரிய காட்டில் தன்னை நம்பி ஒரு ஜீவன் கேட்கிறதே! “இன்னைக்கே ஆரம்பிச்சிடறேன்ம்மா” என்றார். அதை மனதாரத்தான் சொன்னார். அதில் சந்தேகப்படாதீர்கள். அன்றைக்கே ஆரம்பிக்க அவரிடம் ஒரே ஒரு குறைதான் இருந்தது. மின்னூல் வாசிக்கிற கருவி இல்லை.

கருவிக் கடையைக் கரிச்சான் குருவி பிச்சுமணி மூங்கில் புதரில் வைத்திருந்தான். கரிச்சான் எந்தப் பிராணி மாதிரியும் குரல் கொடுக்கும். பிச்சுமணி அதை வியாபாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டான். வருகிறவர் குரலிலேயே பேசுவான். சடையப்பன் கடைக்குள் தலையை நீட்டியதும், அவருடைய அதே கரகரத்த குரலில், “எனக்கு இந்த ‘ஓலை’தான் சரிப்படும். எடையே இல்ல. பக்கத்தைப் புரட்ட ஓரத்துல பொத்தான் இருக்கு. வெயில்ல கண்ணு கூசாது” என்றான். தன் குரலே தனக்கு யோசனை சொல்லும்போது யார்தான் மறுப்பார்கள்? ஓலையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

குகைக்கு வந்து, வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, ‘ஒன்பதாம் தாவ’லைத் திறந்தார். முதல் வரி இப்படி இருந்தது: ‘அல்லியம்மா கிளை நுனிக்கு வந்து உட்கார்ந்தபோது எதிரே மரம் இல்லை.’

‘அடடா!’ என்றார் சடையப்பன். நல்ல வரி. இவ்வளவு நல்ல வரியை இவ்வளவு பொடி எழுத்திலா வாசிப்பது? எழுத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கியதும் வரிக்கு வரி நெருக்கமாகத் தெரிந்தது. இடைவெளியைக் கூட்டினார். கூட்டியதும் ஓரங்கள் ஒட்டிக்கொண்டது போலிருந்தது. ஓரத்தை அகலமாக்கினார். இப்போது பக்கத்துக்கு நாலு வரிதான் தெரிந்தது. எழுத்தைச் சின்னதாக்கினார். பிறகு எழுத்துருவை மாற்றினார். ஒன்று பத்திரிகை மாதிரி இருந்தது, ஒன்று கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. இப்படியே பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு நாள் முழுக்க வாசித்த களைப்பும் திருப்தியும் உண்டாயின.

அடுத்த நாள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம் என்று பொத்தானை அழுத்தினார். பொத்தான்கள் இரண்டு. ஒன்று முன்னே போக, ஒன்று பின்னே போக. கரடியின் பாதம் என்ன ஊசிமுனையா? இரண்டும் சேர்ந்து அமுங்கின. பக்கம் முன்னே போய்ப் பின்னே வந்தது. மறுபடி அழுத்தினார். போனது, வந்தது. அல்லியம்மா கிளை நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

“இதுல பொத்தான்தான் கோளாறு. தொடுதிரை இருக்கிறதாப் பாத்து எடுத்திருக்கணும்” என்று கடையில் பிச்சுமணி சடையப்பன் குரலில் அலுத்துக்கொண்டான். அப்படியாக ‘நிலா’ வந்தது. திரைக்குள்ளிருந்தே மெல்லிய வெளிச்சம் வரும். அதை மஞ்சளாகவும் மாற்றிக்கொள்ளலாம். தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. தொட்டால் பக்கம் புரளும். ஆனால் நகத்தால் தொட்டால் புரளாது. கரடிக்கு விரல் நுனியில் நகத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது? மூக்கால் தொட்டுப் பார்த்தார். கரடியின் மூக்கு ஈரமானது, அகலமானது. நாவல் முதல் அத்தியாயத்திலிருந்து ஒரே தாவலில் ஏழாம் அத்தியாயத்துக்குப் போய்விட்டது. நடுவிலிருந்து வாசிப்பது எழுதியவருக்குச் செய்கிற துரோகம் என்று சடையப்பன் கண்களை இறுக மூடிக்கொண்டு, தட்டித்தடவி முதல் பக்கத்துக்கே திரும்பி வந்தார். இப்படி ஒரு நேர்மை.

மூன்றாவதாகப் ‘பாறை’ வந்தது. பெரிய திரை. கூடவே ஒரு பேனா, ஓரத்தில் குறிப்பெழுதிக்கொள்ளலாம். பேனா பிடிக்க வாகாக இருந்தது. சடையப்பன் முதல் வரிக்கு அடிக்கோடு போட்டார். பக்கத்தில் ‘அபாரம்’ என்று எழுதினார். கோடு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அழித்துவிட்டு நேராகப் போட்டார். பிறகு ‘அபாரம்’ என்பது அதிகப்படி என்று தோன்ற, ‘நன்று’ என்று மாற்றினார். ‘நன்று’ என்றால் செங்கமலம் மனம் நோவாள் என்று மறுபடி ‘அபாரம்’ ஆக்கினார்.

இப்போது கையில் மூன்று கருவிகள் இருந்தன. எது சிறந்தது என்று தெரியாமல் எதில் வாசிப்பது? ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். ஒப்பீடு என்றால் நியாயம் வேண்டாமா? மூன்றிலும் ஒரே பக்கத்தை வாசித்தால்தானே வித்தியாசம் தெரியும்? ஆகவே சடையப்பன் தினமும் காலை வெயிலில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, மரநிழலில் ஒரு தடவை, மூன்று கருவிகளிலும் ‘ஒன்பதாம் தாவ’லின் முதல் பக்கத்தை வாசித்தார். அவ்வளவு கவனமாக ஒரு பக்கத்தை அந்தக் காட்டில் யாரும் வாசித்ததில்லை. காற்புள்ளி எங்கே இருக்கிறது என்றுகூடச் சொல்வார்.

விஷயம் பரவியது. கொஞ்ச நாளாகக் காட்டில் எல்லாரும் கருவி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆலோசனைக்கு ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகக் குகைக்குப் பக்கத்துச் சிக்னல் பாறைக்கு வரத் தொடங்கினார்கள்.

முயல் வந்து, “பக்கம் புரட்டினா திரை ஒரு தடவை கறுத்துக் கண்ணை மூடித் தொறக்குதுங்க. அதுக்குள்ள எனக்குக் கதையே மறந்துபோகுது” என்றது. ஆமை, “அப்படியா? நான் அதைக் கவனிச்சதே இல்லையே” என்றது. வௌவால் ரொம்ப நொந்துபோயிருந்தது. “தலைகீழாத் தொங்கிக்கிட்டு வாசிக்கிறேன் ஐயா. இந்தக் கருவி என்னை மனுஷன்னு நெனைச்சு எழுத்தைத் திருப்பி வைக்குது. நான் ஒரு தடவை திருப்பினா அது ஒரு தடவை திருப்புது. இதுலயே கழுத்து சுளுக்கிப்போச்சு.” முள்ளம்பன்றி, கருவியைப் பிரியத்தோடு அணைத்துக்கொண்டு தூங்கியதன் பலனைக் காட்டி, கீறல் விழாத திரை எதில் உண்டு என்று கேட்டது.

சடையப்பன் எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். எது கனம், எதில் கை வலிக்கும், எதன் கறுப்பு நல்ல கறுப்பு, எதன் கறுப்பு சாம்பல் பூசிய கறுப்பு என்று எடுத்துவைத்தார். சொல்லச் சொல்ல அவருக்கே மெய்சிலிர்த்தது. வந்தவர்களில் ஒருவராவது அந்தக் கருவியில் எந்தப் புத்தகம் வாசிப்பதாக உத்தேசம் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பெரிய மனுஷத்தனம் என்று ஒன்று இருக்கிறதே.

ஒரே ஒரு தொல்லை செங்கமலம்தான். அவள் சிக்னல் பாறைக்கு மேலே உள்ள கிளையில் போகும்போதெல்லாம் சடையப்பனுக்கு எங்காவது ஒளிந்துகொள்ளத் தோன்றியது. ‘நீயெல்லாம் ஒரு வாசகன்! ஒரு அணிலைப் பார்த்துக் கரடி ஒளிகிறது, வெளியே சொன்னால் சிரிப்பார்கள்’ என்று தன்னையே திட்டிக்கொண்டு, மூன்று கருவிகளையும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

ஒருநாள் அவள் இறங்கியே வந்துவிட்டாள். “அண்ணே, எதுவரைக்கும் வந்திருக்கீங்க?”

சடையப்பன் கருவிகளை இறக்கினார். “அவசரப்படாதே செங்கமலம். உன் எழுத்து என்ன தடதடன்னு ஓடிட்டுப் போற எழுத்தா? முதல் பக்கத்தைத் தாண்டவே மனசு வரமாட்டேங்குதும்மா.”

அந்தப் பதிலில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று அவர் பிறகு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டார். செங்கமலம் சந்தோஷத்தில் வாலைச் சிலிர்த்துக்கொண்டு கிளைக்குக் கிளை தாவிப் போனதை நினைத்தபோது, அப்படிச் சொல்லிக்கொண்டதில் ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை.

வெளியீட்டு விழா வந்தது. சிக்னல் பாறை முழுக்கக் கூட்டம். யானை தலைமை. “நேற்றுதான் நூல் என் கைக்கு வந்தது” என்று யானை தொடங்கியது. தலைமை தாங்குகிறவர்கள் கைக்கு எந்த நூலும் அதற்கு முன்னால் வந்ததாக வரலாறு இல்லை. அடுத்து மான் பேசியது. நூலை அங்கங்கே மேய்ந்ததாகவும், மேய்ந்தவரை பசுமையாக இருந்ததாகவும் சொல்லி உட்கார்ந்தது.

சடையப்பன் எழுந்தார். கைதட்டல் அடங்கவே நேரம் பிடித்தது. மூன்று கருவிகளையும் தூக்கிக் காட்டினார்.

“அன்பர்களே! ‘ஒன்பதாம் தாவ’லை நான் மூன்று விதமாக அனுபவித்தேன். ஓலையில் அல்லியம்மா கொஞ்சம் மெலிந்திருந்தாள். நிலாவில் மஞ்சள் வெளிச்சத்தை ஏற்றியதும் அந்தக் கிளை நுனியில் மாலை வந்துவிட்டது. பாறையில் ஓரம் விசாலமானது. அந்த வெள்ளை ஓரம்தான் அவளுக்கு எதிரே இல்லாமற்போன மரம் என்பது என் தாழ்மையான கருத்து.”

 யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. புரியாததால் மரியாதை கூடியது. சடையப்பன் நேரம் போவது தெரியாமல் பேசினார். முதல் பக்கத்தை அங்குலம் அங்குலமாகக் காட்டினார். பேசி முடித்து உட்காரப் போகும்போது செங்கமலம் எழுந்தாள். 

“அண்ணே, நல்லாச் சொன்னீங்க. கடைசி அத்தியாயத்தைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை. அது... தேறுதா?”

 சடையப்பன் கையிலிருந்த கருவிகளைப் பார்த்தார். ‘வாசிக்கவில்லை அம்மா’ என்று இரண்டு சொல்தான். அந்த இரண்டு சொல்லைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்து, நீங்களும் பிழைப்பைப் பார்க்கப் போயிருக்கலாம். ஆனால் யானை பார்க்கிறது, மான் பார்க்கிறது, வௌவால் தலைகீழாகப் பார்க்கிறது. அவர் மளமளவென்று யோசித்தார். காட்டுக் கதை என்றால் கடைசியில் என்ன நடக்கும்? யாராவது சாக வேண்டும். யார் செத்தால் எல்லாரும் அழுவார்கள்?

“அந்தக் குட்டி சாகிற இடம்...” என்றார். தொண்டை பயத்தில் அடைத்துக்கொண்டது. துக்கத்தில் அடைத்ததாகக் கூட்டம் எடுத்துக்கொண்டது. “அதுக்கு மேல என்னால பேச முடியலம்மா. மன்னிச்சிடு. நான் அழுதுட்டேன்.”

 பிறகு யானை தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமாம், அந்தக் குட்டி!” என்றது. “நானும்தான் அழுதேன்” என்றது மான். “அந்தக் குட்டியைப் போய்க் கொல்ல இந்தப் பொண்ணுக்கு எப்படி மனசு வந்தது?” என்று முள்ளம்பன்றி விசும்பியது. ஆமையைத் தவிர எல்லாரும் அழுதார்கள். ஆமை இன்னும் கைதட்டி முடித்திருக்கவில்லை. செங்கமலம் மட்டும் யாரையோ தேடுகிற மாதிரி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையிலேயே குகை வாசலில் வந்து நின்றாள். சடையப்பனுக்கு அவளைப் பார்த்ததும், கையும் களவுமாகப் பிடிபட்டோம் என்று ஒருவித நிம்மதிகூட வந்தது. வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

“அண்ணே, அல்லியம்மாவுக்குக் குட்டியே கிடையாதே.”

“ம்.”

“வீட்டுக்குப் போய் என் நாவலை நானே திரும்ப வாசிச்சேன். எங்கயும் குட்டி இல்ல. ஆனா காடே அழுதுச்சு. தலைவர் ஐயாவே அழுதாரு. இத்தனை பேர் கண்ணுக்குத் தெரிஞ்ச குட்டி, எழுதின என் கண்ணுக்குத் தெரியலேன்னா தப்பு யார் மேல அண்ணே? நான் ஒழுங்கா எழுதல. நீங்க வரிக்கு நடுவுல வாசிச்சுக் கண்டுபிடிச்சிருக்கீங்க.”

சடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். அவள் கிண்டல் செய்யவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதை எப்படித் தாங்குவது? ‘சொல்லித் தொலை’ என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. அது பிச்சுமணியின் குரல் இல்லை, அவருடைய சொந்தக் குரல்தான். வாயைத் திறந்தார்.

“பிரதிக்குள்ள ஒரு மௌனம் இருக்கும்மா. அந்த மௌனத்துலதான் குட்டி இருக்கு” என்றது வாய்.

“அப்படியே எழுதிடறேன் அண்ணே. கடைசி அத்தியாயத்தை மாத்தி, திருத்தின பதிப்பாப் போட்டுடறேன்” என்று அவள் ஓடிவிட்டாள்.

அன்று சடையப்பனுக்குக் கரையான்கூட இறங்கவில்லை. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். ‘ஒரு பக்கம் வாசித்த பயல், ஒரு நாவலுக்கு முடிவு சொல்லிவிட்டாயே’ என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். பிறகு ஒரு நல்ல யோசனை தோன்றியது. இப்போதே வாசித்துவிட்டால் என்ன? பழைய முடிவு நன்றாக இருந்தால் ஓடிப்போய்க் காலில் விழுந்தாவது, மாற்றாதே என்று சொல்லிவிடலாமே!

நிலாவை எடுத்தார். எழுத்தின் அளவைப் பார்க்கவில்லை. ஓரத்தைப் பார்க்கவில்லை. மூக்கு அகலம் என்பதால் நாக்கின் நுனியால் மெல்லத் தொட்டார். இரண்டாம் பக்கம் வந்தது.

கதை இதுதான். அல்லியம்மா வயதான அணில். துணையும் இல்லை, பிள்ளையும் இல்லை. தன் ஆயுளில் பெரிய தாவல்கள் எட்டுத் தாவியவள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அத்தியாயம். இப்போது எதிர் மரத்தை வெட்டிவிட்டார்கள். அதற்கும் அப்பால் உள்ள மரம் எந்த அணிலுக்கும் எட்டாத தூரம். தாவினால் விழலாம். இறங்கித் தரையில் நடந்து போனால் பத்திரமாகப் போய்ச் சேரலாம், ஆனால் அவள் வாழ்நாளில் தரையில் கால் வைத்ததில்லை. என்ன செய்யப் போகிறாள்?

சடையப்பன் வாசித்தார். வாசித்தார் என்றால் நிஜமாகவே வாசித்தார். வெயில் நகர்ந்தது தெரியவில்லை, பசித்தது தெரியவில்லை. இரண்டாவது தாவலில் வாய்விட்டுச் சிரித்தார். ஐந்தாவது தாவலில் அல்லியம்மாவின் கிழட்டு அசட்டுத் தைரியத்தைப் பார்த்து, ‘வேண்டாம் தாயே, வேண்டாம்’ என்று குகைக்குள்ளேயே கத்தினார். இந்தச் சின்னப் பெண் இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று மலைத்துப்போனார். வாசிப்பது இத்தனை சுகம் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? உண்மையில் அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவரே அவர்தான்.

எட்டாம் தாவல் முடிந்தது. கடைசி அத்தியாயம். அல்லியம்மா கிளை நுனியில் பின்னங்கால்களை ஊன்றுகிறாள். நாக்கை நீட்டினார்.

திரை ஒரு தடவை கறுத்துக் கண்ணை மூடித் திறந்தது. ‘உங்கள் நூலின் திருத்திய பதிப்பு கிடைத்துள்ளது. பழைய பதிப்பு நீக்கப்பட்டது’ என்றது நிலா. எந்த நூலுக்குப் புதுப் பதிப்பு வந்தாலும் கருவி தானே மாற்றிக்கொள்கிற வசதி அது.

சடையப்பன் அலறிக்கொண்டு ஓலையைத் தூக்கினார். அதிலும் மாறியிருந்தது. பாறை? பாறை சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது! அணைந்து கிடந்தால் பழைய நூல் உள்ளே பத்திரமாக இருக்கும். அவசரமாக மின்கம்பியைச் சொருகினார். உயிர் வந்ததும் அது முதல் காரியமாக, ‘திருத்திய பதிப்பை ஏற்றட்டுமா?’ என்று கேட்டது. ‘சரி’ என்று ஒரு கட்டம், ‘வேண்டாம்’ என்று ஒரு கட்டம். சடையப்பன் பதற்றத்தில் பேனாவை மறந்து, நாக்கை மறந்து, மூக்கை வைத்து அமுக்கினார். இரண்டு கட்டமும் ஒன்றாக அமுங்கின. பாறை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘சரி’ என்று எடுத்துக்கொண்டது.

புதிய கடைசி அத்தியாயத்தை வாசித்தார். எங்கிருந்தோ ஒரு குட்டி ஓடி வந்தது. அதற்கு முன்னால் நாவலில் எந்த மூலையிலும் இல்லாத குட்டி. வந்ததும் தாவியது, விழுந்தது, செத்தது. அல்லியம்மா கிளையிலேயே உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் அழுதாள். அவள் தாவவும் இல்லை, இறங்கவும் இல்லை. சடையப்பனும் அழுதார். குட்டிக்காக இல்லை. அல்லியம்மா என்னதான் செய்தாள் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

திருத்திய பதிப்புக்குக் காட்டில் ஏக வரவேற்பு. வாங்கியவர்களும் புகழ்ந்தவர்களும் ஏராளம். செங்கமலம் இப்போது எழுத்தாளர். பலாக்கொட்டைப் பேச்சே இல்லை. ஒரு மத்தியானம் சடையப்பன் பொறுக்கமாட்டாமல் அவள் இருந்த மரத்தடிக்குப் போனார்.

“வாங்கண்ணே! உங்களைத்தான் பாக்க வரணும்னு இருந்தேன். அடுத்த நாவல் ஆரம்பிச்சாச்சு. இதுல கடைசியில யார் சாகணும்னு இப்பவே சொல்லிடுங்க, முன்னாடியிருந்தே சரியாக் கொண்டுவந்துடலாம்.”

“அதிருக்கட்டும்மா. அந்தப் பழைய கடைசி அத்தியாயம்... உங்கிட்ட இருக்கா?”

“அதையா? அழிச்சிட்டேனே அண்ணே. எதுக்கு?”

“இல்ல... சும்மாத்தான். அதுல அல்லியம்மா கடைசியில...” என்று இழுத்தார். அவள் முடிப்பாள் என்று காத்திருந்தார். அவள் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். முழுக்க வாசித்தவர் எப்படிக் கேட்க முடியும்? ‘தாவினாளா?’ என்ற ஒரே சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

“ஆமாண்ணே, அந்த முடிவை எழுதி முடிச்ச அன்னைக்கு நான் அப்படி அழுதேன். இப்ப நெனைச்சா எனக்கே சரியா ஞாபகமில்ல” என்றாள் செங்கமலம். “போனாப் போகுது. அதை நீங்க ஒருத்தர் வாசிச்சீங்களே, எனக்கு அது போதும்.”

நீதி: மின்னூல் கருவி வாங்கியவர்கள், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை முதல் நாளே அணைத்துவிட வேண்டும். மற்றபடி மூன்றில் எதை வாங்கினாலும் ஒன்றுதான்.